மலையேறும் கால்கள் யாருக்குச் சொந்தம்? – கல்வராயனில் உடல் வலிமையின் வரலாறு

உடல் வலிமைக்கு மூன்று வேண்டும் என்கிறார்கள்: உடற்பயிற்சி, சத்துணவு, மன உறுதி. ஜிம் நடத்துபவரும் இதைத்தான் சொல்கிறார், யூடியூபில் பேசுபவரும் இதைத்தான் சொல்கிறார். இந்த மூன்றையும் விடாமல் கடைப்பிடித்தால் எவரும் வலிமை பெறலாம் என்பது அதன் ஒரு பக்கம். வலிமை பெறாதவர் சோம்பேறி, தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்பது அதன் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தோடு நமக்குச் சண்டை இல்லை. இரண்டாவது பக்கத்தோடு நிறையச் சண்டை இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தைக் கரியாலூரில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை. கோடை விழாவுக்கும் பெரியார் அருவிக்கும் வரும் கீழ்நாட்டுக்காரர்களுக்குக் கரியாலூர் ஒரு சுற்றுலா இடம். அங்கேயே பிறந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது ஏற்றமும் இறக்கமுமான நாள் வாழ்க்கை. (மலையாளி என்றால் கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக அவர்களிடம் வாய்மொழி மரபு உண்டு.) விறகுச் சுமையோடு மேடேறும் பெண்ணுக்கு உடற்பயிற்சி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? சாமையும் கேழ்வரகும் விளைந்த மண்ணில் சத்துணவு தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா? சாலையும் மருத்துவமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல முடியுமா?

சூத்திரம் சரியென்றால் தமிழ்நாட்டிலேயே வலுவான உடல்கள் இந்த மலையில்தான் இருக்க வேண்டும். நிலவரம் என்ன? 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காடு. இது மாநிலச் சராசரி. இந்திய அளவில் பார்த்தால் பழங்குடிப் பெண்களிடம்தான் இரத்தசோகை மற்ற எல்லாப் பிரிவினரையும்விட அதிகம். அதிகம் நடப்பவர்கள், அதிகம் சுமப்பவர்கள், அதிகம் இரத்தமில்லாமல் இருக்கிறார்கள். ஏன்? இதற்கான விடை அவர்களுடைய ஒழுக்கத்திலோ சோம்பலிலோ இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஜாகீர்தாருக்குச் சொந்தமான உடம்பு

இந்தியா 1947 ஆகஸ்டில் விடுதலை பெற்றது என்று பள்ளியில் படிக்கிறோம். கல்வராயன் மலைக்கு அந்தத் தேதி பொருந்தாது. விஜயநகர அரசர் காலத்தில் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் உரிமையைக் காட்டி, சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆட்சி இந்த மலையில் தொடர்ந்தது. வரி அவர்களுக்கு. உழைப்பும் அவர்களுக்கு. 1960களில் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. 1976 ஜூன் மாதத்தில்தான் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. அதாவது, செங்கோட்டையில் கொடி ஏறி ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்து.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976தான். இந்த இரண்டையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். கூலியில்லாமல் உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவரின் கைகால்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த வலு அவருடையது அல்ல. பத்து ஏக்கர் உழுகிற தோள், உழுதவன் வீட்டுக்குப் பத்து மரக்கால் தானியத்தைக் கொண்டுவராது என்றால், அந்தத் தோளால் அவன் குழந்தைக்கு என்ன பயன்?

இந்த ஜாகீர்தார்களும் மலையில் வழங்கும் கவுண்டர் பட்டத்தையே தாங்கியவர்கள். பட்டம் ஒன்றாக இருந்ததால் சுரண்டல் குறைந்துவிடவில்லை. பழங்குடியிடம் ஏற்றத்தாழ்வே இல்லை என்று காதல்வயப்பட்டு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கினால் சேரி. அங்கே பண்ணையாள் முறை. இரண்டு இடத்திலும் உழைக்கும் உடம்பு வேறொருவரின் சொத்தாக இருந்தது. அதனால்தான் கரியாலூரின் கதையைத் தலித் வரலாற்றுக்கு வெளியே வைத்துப் பேச நமக்கு மனம் வருவதில்லை.

வேலை வேறு, பயிற்சி வேறு

"நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?" என்று நம் ஆட்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் உடம்புக்கு ஒரு சுமை கொடுக்கிறோம், பிறகு ஓய்வு கொடுக்கிறோம், நல்ல சோறு போடுகிறோம். அந்த ஓய்வு நேரத்தில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொண்டு முன்பைவிட வலுவடைகிறது. அடுத்த முறை சுமையைக் கொஞ்சம் கூட்டுகிறோம். வலித்தால் நிறுத்துகிறோம். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் இவற்றில் எது இருக்கிறது? ஒரே பக்கம் குனிந்து, ஒரே தோளில் தூக்கி, வலித்தாலும் நிறுத்த முடியாமல், சரியாகத் தூங்காமல், அரைவயிற்றோடு மறுநாளும் அதே வேலை. உடம்பு கட்டப்படுவதற்குப் பதிலாகத் தேய்கிறது. நாற்பது வயதில் இடுப்பும் முட்டியும் போய்விடுகின்றன. ஆக, வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு வியர்வையின் அளவில் இல்லை. எப்போது நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஓய்வு என்பது உடலியல் மட்டும் அன்று, உரிமையும்கூட.

வலுவான உடம்பைச் சுரண்டுவோருக்கு எப்போதும் தேவை இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரை அம்மாநிலக் காவல்படை சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள், அவர்களில் பலர் ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிப் பழங்குடிகள். மலையேறத் தெரிந்த கால், கோடாரி பிடிக்கத் தெரிந்த கை என்பதற்காகவே தரகர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். மரத்தின் விலை எவர் எவருக்கோ போனது. தோட்டா மட்டும் அந்தக் கைகால்களுக்கு வந்தது.

தட்டில் இருந்தது எங்கே போனது?

இப்போது உணவுக்கு வருவோம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். சாமை, தினை, வரகு, கம்பு எல்லாமே நார்ச்சத்திலும் தாதுக்களிலும் வெள்ளை அரிசியை விஞ்சியவை. கூடவே காட்டுக்கிழங்கு, தேன், பலா, கீரைகள், எப்போதாவது வேட்டைக்கறி. மலையின் தட்டு இப்படி இருந்தது.

அதைக் கலைத்தவை எவை? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. கிழங்கு தோண்டுவதும் ஆடு மேய்ப்பதும் அதிகாரியின் தயவுக்குப் போயின. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்கறி தட்டிலிருந்து மறைந்தது. விலங்குகளைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பறித்த புரதத்துக்கு ஈடாக எந்தப் புரதத்தைக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறோம். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வருவது ஒன்று, பட்டா கைக்கு வருவது வேறொன்று.

அடுத்து மரவள்ளி. சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகச் சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. பணப்பயிர், கைக்குக் காசு வரும். ஆனால் மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை. புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். விலையைத் தீர்மானிப்பதும் விளைவித்தவர் அல்லர். ரேஷன் அரிசி பட்டினிச் சாவைத் தடுத்தது, அதை நாம் என்றும் குறைத்துப் பேச மாட்டோம். பசித்த வயிற்றுக்கு முதலில் அரிசி வேண்டும். ஆனால் வயிறு நிறைவதும் இரத்தம் ஊறுவதும் ஒன்றல்ல. மலையில் விளைந்த சாமையை இன்று நகரத்துக் கடைகளில் "சிறுதானியம்" என்ற பெயரில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். விளைவித்த மக்களின் குழந்தை ரேஷன் அரிசிக் கஞ்சி குடிக்கிறது.

கீழ்நாட்டுச் சேரியின் தட்டுக்கு நேர்ந்தது வேறொரு அவமானம். மாட்டுக்கறி ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைத்த புரதம், நூறு கிராமில் இருபது கிராமுக்கும் மேல். அதைத் தின்றதற்காகவே நம்மைத் தீண்டத்தகாதவர் என்றார்கள். இன்று அதே புரதத்தைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்தால் ஆயிரக்கணக்கில் விலை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியையும் எச்சில் சோற்றையும் கைவிடும்படி நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். சத்துக் கணக்குப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. யாரோ தூக்கிப் போட்டதைப் பொறுக்கி உண்ணும் பரம்பரைக் கடமையிலிருந்து உடம்பை விடுவிக்கச் சொன்னார். நல்ல கறியைக் காசு கொடுத்து வாங்கி, நம் அடுப்பில் சமைத்து, தலைநிமிர்ந்து உண்பது அதற்கு நேர் எதிரானது.

நிமிர்ந்த முதுகுக்குத் தடை

மனத்தை வலுப்படுத்துங்கள் என்கிறார்கள். மனம் காற்றில் இல்லை, முதுகெலும்பில் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது, தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்று நீண்டது பட்டியல். மீறியவர்களின் குடிசைகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. தடைகள் அத்தனையும் உடம்பின் மீது என்பதைப் பாருங்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கூனி நிற்க வைப்பதுதான் சாதியின் உடற்பயிற்சி. தலைமுறை தலைமுறையாகக் குனியப் பழக்கப்பட்டவனைப் பார்த்துத் தன்னம்பிக்கை போதவில்லை என்று வகுப்பெடுப்பது கொடுமை.

இந்த உடம்புகளுக்கு வலிமை இருந்தது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பிரிட்டிஷாரின் சென்னைப் படையில், குறிப்பாகச் சப்பர்ஸ் எனப்பட்ட பொறியாளர் படையிலும் பயனியர் படையிலும், பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பாலம் கட்டியவர்களும் சுரங்கம் வெட்டியவர்களும் அவர்களே. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், "போர்க்குல" கோட்பாடு வந்தது. தென்னாட்டவரும் தாழ்த்தப்பட்டவர்களும் வீரமற்ற குலங்கள் என்று முடிவு கட்டப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவு சாத்தப்பட்டது. நேற்றுவரை போரிட்ட உடம்பு, ஒரு காகித ஆணையில் பலவீனமான உடம்பாகிவிட்டது.

விளையாட்டிலும் இதே கதைதான். பல்வங்கர் பாலு, சமார் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். பூனாவில் அவருக்கு மட்டும் தேநீர் பந்தலுக்கு வெளியே மண்குவளையில் வந்தது. இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது வாய்த்தது. வலிமையைப் பயன்படுத்திக்கொள்வார்கள், தலைமையைத் தர மாட்டார்கள்.

இதை உணர்ந்துதான் அண்ணல் 1927இல் சமதா சைனிக் தளத்தை உருவாக்கினார். சீருடை, அணிவகுப்பு, ஒழுங்கு. கூட்டங்களைப் பாதுகாக்க அது தேவைப்பட்டது. அதைவிட முக்கியம், ஒன்றாக நிமிர்ந்து நடப்பது எப்படி என்று குனிய வைக்கப்பட்ட முதுகுகள் அங்கே கற்றுக்கொண்டன. தனியொருவரின் மன உறுதி உடைந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து காலடி வைக்கும்போது உறுதி தானாக வரும்.

பள்ளிக்கூடத்துச் சோறு

இந்த வரலாற்றில் வெளிச்சமான பக்கமும் உண்டு. 1920இல் நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. எந்த ஜிம்மும், எந்தப் புரதப் பொடியும் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உடம்புக்கு இந்தத் திட்டங்கள் செய்ததைச் செய்ததில்லை.

ஆனால் அந்தச் சோற்றுக்குள்ளும் சாதி கைவிட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் எதிர்த்தார்கள். பிள்ளைக்கு இரத்தசோகை வந்தாலும் பரவாயில்லை, சாதி போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். சாதி, ஒடுக்கப்பட்டவரின் உடம்பை மட்டும் கெடுப்பதில்லை. கடைப்பிடிப்பவரின் பிள்ளையையும் பட்டினி போடுகிறது.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அந்த விடுதிகளின் தட்டில் என்ன விழுகிறது, முட்டை வந்ததா, விளையாட ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் கல்வராயனின் அடுத்த தலைமுறை எவ்வளவு உயரம் வளரும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள்.

2024 ஜூன்

கள்ளக்குறிச்சி என்றதும் நாடு இப்போது நினைப்பது கருணாபுரத்தை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைச் சிதைக்கும், பிறகு உயிரை எடுக்கும். உடனே எல்லாக் கண்களும் கல்வராயன் மலையைப் பார்த்தன, ஊறல்கள் அழிக்கப்பட்டன. மலையில் காய்ச்சுவது உண்மை. ஆனால் மெத்தனால் மலையில் விளைவதில்லை, அது தொழிற்சாலைச் சரக்கு. அதைக் கைமாற்றிய வலைப்பின்னலை விட்டுவிட்டு ஒரு மலையின் மக்களையே குற்றவாளிகளாக்குவது எளிய வேலை. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்ட பிறகுதான் சாலையும் மருத்துவமும் இல்லாத கதை பலருக்குத் தெரியவந்தது.

குடியை நாம் நியாயப்படுத்தவில்லை. குடி நம் வீடுகளை அழிக்கிறது. ஆனால் மூட்டை தூக்கிய முதுகுக்கு வலிமருந்து எங்கே என்று கேட்காமல், குடிக்கிறவனுக்கு ஒழுக்கம் இல்லை என்று மட்டும் சொல்வது அரைகுறை உண்மை.

நாம் செய்ய வேண்டியது

வரலாற்றைப் பேசிவிட்டுக் கைகட்டி உட்கார முடியாது. உரிமை வரும்வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே இரண்டையும் ஒருசேரச் செய்வோம்.

விலையுயர்ந்த கூடம் தேவையில்லை. தண்டால், பஸ்கி, ஓட்டம், சிலம்பம், கபடி போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள், நடுவில் ஓய்வு நாள். கடும் உழைப்பு செய்கிறவர்கள் வேலையில் பயன்படாத பக்கத்தையும், முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சியைச் செய்ய வேண்டும். பெண்களுக்கும் களம் வேண்டும். அம்பேத்கர் மன்றங்கள் கேரம் பலகையோடு நின்றுவிடாமல் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் கேழ்வரகு, நிலக்கடலை, முட்டை, முருங்கைக்கீரை, கருவாடு, முடிந்தால் மாட்டுக்கறி. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிடுகிறவர் பெண் என்றால், அந்த வீட்டில் சமத்துவம் பேச நமக்குத் தகுதியில்லை.

இவற்றோடு அரசிடம் கேட்க வேண்டியவை: மலை ரேஷன் கடைகளில் மலையில் விளைந்த சாமையும் கேழ்வரகும் நியாய விலைக்கு வாங்கப்பட்டு மக்களுக்கே வழங்கப்பட வேண்டும். வன உரிமைப் பட்டாக்கள் தாமதமின்றித் தரப்பட வேண்டும். விடுதிகளில் முட்டையும் விளையாட்டு ஆசிரியரும் உறுதி செய்யப்பட வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளியில் கட்டித் தூக்கி வரும் நிலை மலையில் எங்கும் இருக்கக் கூடாது.

உடற்பயிற்சி, சத்துணவு, மன உறுதி என்ற மூன்றோடு நாம் நான்காவதாக உரிமையைச் சேர்க்கிறோம். நிலத்தின் மீதும், தட்டின் மீதும், ஓய்வின் மீதும் உரிமை. கரியாலூர் மக்களின் கால்களுக்கு வலு எப்போதும் இருந்தது. அந்தக் கால்கள் இனி யாருக்காக ஏறுகின்றன என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். அந்தப் போராட்டத்தில் சேரியும் மலையும் ஒரே அணியில் நடக்கட்டும்.

ஜெய்பீம்!